பாழடைந்த நீச்சல் குளத்தை மீட்கணுமா? மோட்டாரைப் போடும் முன் இதைப் படிங்க

ஒரகடம், சேரப்பணஞ்சேரி, படப்பை பக்கம் பதினைந்து, இருபது வருஷத்தில் நிலத்தின் முகமே மாறிவிட்டது. 2010-ல் ரெனோ-நிசான் கார் ஆலை, 2012-ல் டைம்லர் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. கூடவே மனைப்பிரிவுகளும் பண்ணை வீடுகளும் வார இறுதி வீடுகளும் வந்தன. அவற்றில் சிலவற்றில் ஆசைப்பட்டு நீச்சல் குளமும் கட்டினார்கள். இரண்டு மூன்று கோடை நன்றாகப் போகும். பிறகு உரிமையாளர் வெளியூர் போவார், அல்லது பராமரிப்புச் செலவு கையைக் கடிக்கும். 2020 மார்ச் ஊரடங்கில் பூட்டியதை அப்புறம் திறக்காமலே விட்டவர்களும் உண்டு.

இப்போது அந்த வீட்டை நீங்கள் வாங்கியிருக்கலாம், அல்லது குடும்பப் பாகத்தில் வந்திருக்கலாம், அல்லது குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். கொல்லையில் பச்சைப் பசேல் என்று தண்ணீர், இலைக் குப்பை, தவளைச் சத்தம். பார்த்ததும் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஒரு மோட்டாரைப் போட்டு இறைச்சுக் காலி பண்ணிட்டா பாதி வேலை முடிஞ்சது!

அதைத்தான் முதலில் செய்யக் கூடாது. குறைந்த செலவில் முடிய வேண்டிய வேலை பல லட்சத்தில் போய் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

காலிக் குளம் மிதக்கும்

கான்கிரீட் எப்படிங்க மிதக்கும் என்று கேட்கலாம். இரும்புக் கப்பல் மிதக்கிறதே, அதே கதைதான். நிலத்துக்குள் இறக்கிக் கட்டிய குளம் ஒரு பெரிய கான்கிரீட் தொட்டி. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்த எடை தொட்டியைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. அதை இறைத்துவிட்டால், வெளியே மண்ணில் நிற்கும் நிலத்தடி நீர் தொட்டியை அடியிலிருந்து மேலே தள்ளும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழம் உள்ள ஒரு சாதாரண வீட்டுக் குளத்தை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 41,600 லிட்டர். அடித்தளமும் சுவரும் 15 சென்டிமீட்டர் கனம் என்றால், மொத்த கான்கிரீட்டின் எடை சுமார் 24 டன். பூச்சையும் டைல்ஸையும் சேர்த்தாலும் 30 டன்னைத் தாண்டுவது கஷ்டம். இப்போது மழைக்காலத்தில் நிலத்தடி நீர் குளத்தின் அடிமட்டத்துக்கு மேல் ஒரே ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1 டன் வீதம், 32 சதுர மீட்டர் அடித்தளத்தை 32 டன் விசை மேலே தள்ளும். 30-ஐ 32 ஜெயித்துவிடும். குளம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும், இல்லையென்றால் அடித்தளம் நடுவில் விரிசல் விட்டு அதன் வழியாகத் தண்ணீர் மேலே பீறிடும். இரண்டில் எது நடந்தாலும் அதற்குச் சிக்கன வைத்தியம் கிடையாது.

சேரப்பணஞ்சேரி போன்ற இடத்தில் இது வெறும் புத்தகக் கணக்கு இல்லை. காஞ்சிபுரம் மாவட்டமே ஏரிகளின் மாவட்டம். படப்பை, மணிமங்கலம், ஆதனூர் என்று அடையாறு புறப்படும் திசை முழுக்க ஏரிக்கு அடுத்து ஏரி. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால், சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் கையெட்டும் உயரத்துக்கு ஏறிவிடும். ஆகவே அக்டோபரிலிருந்து ஜனவரி கடைசி வரை, மழை கூடுதலாக இருந்த வருஷத்தில் பிப்ரவரி வரையிலும், குளத்தைக் காலி செய்யும் பேச்சே வேண்டாம். ஏப்ரல், மே மாதங்கள்தான் அதற்கு ஏற்றவை. அப்போதும்கூட கோடை மழை எச்சரிக்கை இருக்கிறதா என்று டிஎன்-அலர்ட் செயலியில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

காலண்டரை மட்டும் நம்பாமல் நிலத்தடி நீர் எங்கே நிற்கிறது என்று நேரிலும் பார்த்துவிடுங்க. பக்கத்தில் திறந்தவெளிக் கிணறு இருந்தால் சுலபம். தரையிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு அளங்க. குளத்தின் ஆழமான பகுதி தரையிலிருந்து எத்தனை அடி என்றும் அளங்க. கிணற்றுத் தண்ணீர் குளத்தின் அடியைவிட நன்றாகக் கீழே இருந்தால் பயமில்லை. கிணறு இல்லாத இடத்தில், குளத்துக்கு ஓரிரு மீட்டர் தள்ளி மண் துளைக்கும் ஆகரால் ஒரு குழி போட்டு, பக்கவாட்டில் ஓட்டை போட்ட பிவிசி குழாயை இறக்கி வைத்தால் அதுவே ஒரு சின்ன அளவுக் கிணறு. ஆழ்துளைப் போர்வெல்லில் பார்க்கும் மட்டம் இதற்கு உதவாது. அது ஆழத்துப் பாறையிடுக்கில் இருக்கும் நீர். குளத்தைத் தள்ளுவது மேல்மண்ணில் நிற்கும் நீர்.

எந்த மாதமானாலும் பொருந்தும் விதி ஒன்று உண்டு. வெளியே நிலத்தடி நீர் நிற்கும் மட்டத்துக்குக் கீழே, உள்ளே இருக்கும் தண்ணீரை இறக்காதீங்க. பச்சையாக இருக்கிறதே, நாறுகிறதே என்று பார்க்க வேண்டாம். அந்த நாறும் தண்ணீர்தான் இப்போது உங்கள் குளத்தைப் பிடித்து வைத்திருக்கிறது.

வேலை தொடங்கும் வரை

காலி செய்யாமல் விட்டால் கொசு வராதா? வரும். ஏழிலிருந்து பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். தேங்கிய நீரில் கொசு உற்பத்தியாக விடுவது தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939-ன் கீழ் நோட்டீஸ் வரக்கூடிய விஷயமும்தான். வேலை தொடங்க மாதக்கணக்கில் ஆகும் என்றால், சுகாதாரத் துறையினர் கிணறுகளில் விடும் கம்பூசியா அல்லது கப்பி மீனைக் கொஞ்சம் விட்டு வைக்கலாம். புழுக்களைத் தின்றுவிடும். பிறகு குளோரின் போடும் முன் அவற்றைப் பிடித்து வேறு தொட்டிக்கு மாற்றுங்க. ஏரியிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீங்க. அங்கே இருக்கும் நாட்டு மீன் குஞ்சுகளையும் தின்றுவிடும்.

கொசுவைவிடப் பெரிய ஆபத்து குழந்தைகளுக்கு. பச்சைத் தண்ணீரில் விழுந்த குழந்தை கண்ணுக்கே தெரியாது. பலர் பாதுகாப்பு என்று நினைத்துக் குளத்தின் மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிறார்கள். அதில் இலை உதிர்ந்து மூடிவிட்டால், ஓடி வரும் பிள்ளைக்கு அது தரை மாதிரியே இருக்கும். தார்ப்பாய்க்குப் பதிலாக, சுற்றிலும் 4 அடி உயரத்துக்குக் கம்பி வலை, பூட்டுடன் ஒரு கதவு. மொத்த வேலையில் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். சுற்றுச்சுவர் இருக்கிறதே, எதற்கு வலை என்று கேட்பவர்கள் உண்டு. ஆபத்துக்கு ஆளாகிற பிள்ளை பெரும்பாலும் சுவருக்கு உள்ளே இருக்கும் பிள்ளைதான்.

காடு ஒட்டிய இடங்களில் குளத்தில் பாம்பு விழுந்து ஏற முடியாமல் கிடப்பது சகஜம். நீங்களே பிடிக்கப் போகாமல் தீயணைப்பு மீட்புத் துறையை 101-ல் அழையுங்க.

இடையில் கைபேசியில் பத்து நிமிஷ வேலை ஒன்று இருக்கிறது. வீட்டைக் கைமாற்றாக வாங்கியிருந்தால், வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்து அ-பதிவேடு விவரத்தையும் புலப்படத்தையும் எடுத்துப் பாருங்க. குளம் முழுக்கப் பட்டா நிலத்தில்தான் இருக்கிறதா, வாய்க்கால் புறம்போக்கில் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று செலவு செய்யும் முன் தெரிந்துகொள்வது நல்லது. நீர்வழியில் நிற்கும் குளத்துக்கு டைல்ஸ் ஒட்டுவது பணத்தை ஆற்றில் போடுவதற்குச் சமம்.

ஒழுகுகிறதா? ஒரு வாளி போதும்

கான்ட்ராக்டரைக் கூப்பிடும் முன் நீங்களே செய்யக்கூடிய சோதனை இது. செலவு பூஜ்யம்.

ஒரு பிளாஸ்டிக் வாளியில் குளத்துத் தண்ணீரையே முக்கால்வாசி நிரப்பி, குளத்தின் படிக்கட்டில், வாளியின் பாதி தண்ணீருக்குள் இருப்பது போல வையுங்க. மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு கல். வாளிக்குள் தண்ணீர் மட்டத்தையும், வெளியே குளத்தின் மட்டத்தையும் மார்க்கரால் கோடு போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து கைபேசியில் படம் எடுங்க. நேரமும் தேதியும் படத்திலேயே பதிவாகிவிடும். சரியாக 24 மணி நேரம் கழித்து, மழை இல்லாத நாளாகப் பார்த்து, மறுபடி ஒரு படம்.

வாளியில் குறைந்தது வெயிலில் ஆவியானது. குளத்தில் அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தால் அந்தக் கூடுதல்தான் ஒழுக்கு. வாளியில் 6 மில்லிமீட்டரும் குளத்தில் 20 மில்லிமீட்டரும் குறைந்தது என்றால் வித்தியாசம் 14. நமது 32 சதுர மீட்டர் குளத்துக்கு அது ஒரு நாளைக்கு 448 லிட்டர், மாசத்துக்கு 13,000 லிட்டருக்கு மேல். ஒரு பெரிய டேங்கர் லாரித் தண்ணீர்! அந்தத் தண்ணீர் அடியில் இருக்கும் மண்ணையும் இளக்கிக்கொண்டே இருக்கும்.

மோட்டார் ஓடும் நிலையில் இருந்தால், ஒரு நாள் ஓடவிட்டும் ஒரு நாள் நிறுத்தியும் இதே சோதனையைச் செய்யுங்க. ஓடும்போது மட்டும் அதிகம் குறைந்தால், ஃபில்டரிலிருந்து குளத்துக்குத் திரும்பி வரும் அழுத்தக் குழாயில் கோளாறு. நின்றாலும் ஓடினாலும் ஒரே அளவு குறைந்தால் தொட்டியைச் சந்தேகப்படலாம். இன்னொரு துப்பும் உண்டு. தண்ணீர் குறைந்து குறைந்து ஒரு மட்டத்தில் வந்து நின்றுவிடுகிறதா? ஒழுக்கு அந்த உயரத்தில்தான். பெரும்பாலும் அங்கே ஒரு விளக்குக் குழியோ, குழாய் நுழையும் வாயோ, இலை அள்ளும் ஸ்கிம்மரின் விளிம்போ இருக்கும். மருந்து ஏற்றும் சிரிஞ்சில் கேசரி கலரைக் கரைத்து எடுத்து, அசையாத தண்ணீரில் சந்தேகப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் மெதுவாக விடுங்க. ஓட்டை இருந்தால் நிறம் கோடு போல உள்ளே இழுத்துக்கொண்டு போகும்.

இது தெரியாமல் முழுக் குளத்துக்கும் நீர்க்காப்புப் பூச்சு போட்டு, கடைசியில் ஒழுகியது ஒரு குழாய் மூட்டு என்று தெரிந்தால் வயிறு எரியும்.

பச்சையை நீலமாக்குவது

தொட்டி ஒழுகாமல் இருந்தால், அல்லது லேசாகத்தான் ஒழுகுகிறது என்றால், இருக்கும் தண்ணீரையே சுத்தம் செய்துவிடலாம். 41,600 லிட்டரைக் கொட்டிவிட்டு மறுபடி டேங்கரில் வாங்குவதைவிட இது மலிவு. தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் நியாயமும்கூட.

முதலில் வலைக்கூடையால் இலை, குப்பை, அடிச் சேறு எவ்வளவு வருமோ அவ்வளவும் அள்ளணும். அலுப்பான வேலைதான். ஆனால் அடியில் இலை கிடக்கும்வரை போடுகிற குளோரின் எல்லாம் அந்த இலையைத் தின்பதற்கே போய்விடும்.

அடுத்தது பி.எச். என்னும் அமில-காரத் தன்மை. இதைச் சரிசெய்யாமல் குளோரின் கொட்டுவதுதான் பலர் செய்யும் வீண் செலவு. குளோரினில் கிருமியைக் கொல்லும் வீரியமான பகுதி பி.எச். 7.5-ல் சுமார் பாதி. அதுவே 8.5 ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதே மருந்து, அதே காசு, பலன் ஐந்தில் ஒன்று. சொட்டு மருந்துடன் வரும் சின்னப் பரிசோதனைப் பெட்டியே போதும். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் கொண்டுவரணும். அதிகமாக இருந்தால் கடையில் கிடைக்கும் ஆசிட்டை ஒரு வாளி தண்ணீரில் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து குளத்தில் பரவலாக விடுங்க. எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட். ஆசிட்டில் தண்ணீர் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும்.

பிறகு குளோரின். பாசியை ஒரே அடியில் கொல்ல லிட்டருக்கு 10 மில்லிகிராம் வேண்டும். நமது குளத்துக்கு 10 சதவீத ஹைப்போ திரவம் என்றால் சுமார் 4 லிட்டர், பிளீச்சிங் பவுடர் என்றால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்ததை மட்டும் ஊற்றணும். இல்லாவிட்டால் குளம் பால் மாதிரி வெளுத்துப்போகும். வெயில் குளோரினை அழித்துவிடும் என்பதால் சூரியன் இறங்கிய பிறகு போடுங்க. பச்சை மறைந்து சாம்பல் நிறம் வரும்வரை இரண்டு மூன்று மாலை இப்படிச் செய்ய வேண்டியிருக்கும்.

செத்த பாசி மிதந்துகொண்டே இருக்கும். அதற்குப் பாட்டி வைத்தியம்தான். கலங்கிய குடத்துத் தண்ணீரில் படிகாரத்தைச் சுற்றுவோமே, அதேதான். ஆயிரம் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில், இந்தக் குளத்துக்கு ஒன்றரைக் கிலோ படிகாரத்தைக் கரைத்து ஊற்றி, கலக்கிவிட்டு, மோட்டாரை நிறுத்தி ஒரு ராத்திரி விட்டால் காலையில் எல்லாம் அடியில் படிந்து கிடக்கும். அதை மெதுவாக உறிஞ்சி நேராக வெளியே விடணும். ஃபில்டர் வழியாக விட்டால் மணல் அடைத்துக்கொள்ளும்.

வெளியே விடும் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஏரிக்கோ வாய்க்காலுக்கோ போகக் கூடாது. வெயிலில் சில நாள் ஆறவிட்டு, சோதனைச் சொட்டில் மஞ்சள் நிறம் வராத பிறகு தென்னைக்குப் பாய்ச்சலாம்.

போர்வெல் தண்ணீரை ஊற்றிக் குளோரின் போட்டதும் குளம் டீ மாதிரி பழுப்பானால் பயப்படாதீங்க. தண்ணீரில் இருக்கும் இரும்பு வெளியே வருகிறது. படிகாரமும் ஃபில்டரும் பார்த்துக்கொள்ளும். நிரப்பும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டுமானால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி மாதிரியைச் சோதித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கையை இங்கே தனியாகச் சொல்லணும். நீச்சல் குளத்துக்கு என்று விற்கும் வெள்ளை மாத்திரைகள் வேறு வகைக் குளோரின். அதைப் பிளீச்சிங் பவுடருடனோ ஹைப்போவுடனோ ஒரே வாளியில் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். ஆசிட்டுடன் எந்தக் குளோரின் சேர்ந்தாலும் நச்சுவாயு கிளம்பும். தனித்தனி வாளி, தனித்தனி நாள், தனித்தனி அலமாரி. மாத்திரைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கரையும்போது விட்டுச்செல்லும் சயனூரிக் அமிலம் ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. தண்ணீரிலேயே சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு போட்டாலும் குளோரின் வேலை செய்யாத நிலை வரும். அப்போது பாதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மாத்திரை வசதிதான், ஆனால் சிக்கனம் பார்ப்பவர்களுக்கு ஹைப்போவே மேல்.

விரிசல்: எதற்குக் கொத்தனார், எதற்குப் பொறியாளர்?

விரிசல் என்றதும் எல்லாமே ஒன்றில்லை. மேல்பூச்சில் சிலந்தி வலை போல ஓடும் மயிரிழைக் கோடுகள் பூச்சோடு போய்விடும். சுவரில் மேலிருந்து கீழாகவோ, அடித்தளத்தின் குறுக்கேயோ ஒரே கோடாக ஓடுவது வேறு. அதன் இரண்டு ஓரமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்க. ஒரு பக்கம் ஏறியிருந்தால் தொட்டியே அசைந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் ஒட்டி, தேதி எழுதி, படம் எடுத்து வையுங்க. சில வாரத்தில் கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். அப்போது கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீங்க. நகரும் விரிசலில் எதை அடைத்தாலும் திரும்பத் திறந்துகொள்ளும்.

நகராத விரிசலுக்கு நல்ல கொத்தனார் போதும். மேலாகச் சிமென்ட் தடவுவது வேலையே இல்லை. விரிசல் நெடுக 'வி' வடிவத்தில் வெட்டித் திறந்து, தூசியைக் கழுவி, பாலிமர் கலந்த கலவையை உள்ளே அழுத்தி அடைக்கணும். துரு வடிந்த கறை தெரிந்தால் உள்ளே கம்பி அரிக்கிறது. பளபளப்பான இரும்பு தெரியும்வரை கொத்தி, தேய்த்து, துருத் தடுப்புப் பூசிவிட்டுத்தான் மூடணும். டைல்ஸை முழுக்கப் பெயர்க்க வேண்டியதில்லை. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாங்க. காலிப் பானை மாதிரி சத்தம் வரும் டைல்ஸை மட்டும் எடுத்து ஒட்டினால் போதும்.

நீர்க்காப்புக்கு இரண்டு பாகமாக வந்து கலக்கிப் பூசும் சிமென்ட்-பாலிமர் பூச்சு பல குளங்களுக்குப் போதுமானது. முதல் கை நெடுக்காக, இரண்டாம் கை குறுக்காக. நிலத்தடித் தொட்டிகளுக்கும் நீச்சல் குளங்களுக்கும் நீர்க்காப்புச் செய்வதற்கென்றே ஐ.எஸ். 6494 என்று ஓர் இந்தியத் தரம் இருக்கிறது. வேலைக்கு வருபவரிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்க. பதிலிலேயே ஆள் யாரென்று ஓரளவு தெரிந்துவிடும். (நாலாயிரம் வருஷத்துக்கு முன்பே மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் செங்கல்லுக்குப் பின்னால் நிலக்கீல் பூசித் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். இந்தத் தொழில் நமக்குப் புதுசில்லை.)

பில்லைச் சரிபார்க்க ஒரு கணக்கு. நமது குளத்தின் அடித்தளம் 32 சதுர மீட்டர், நான்கு சுவரும் சேர்த்து சுமார் 31. மொத்தம் 63 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 680 சதுர அடி. பூச்சுக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார். மேற்கோளில் 1,000 சதுர அடி என்று இருந்தால், மீதி எங்கே இருக்கிறது என்று கேளுங்க.

காலி செய்த குளத்தை மே மாத வெயிலில் வாரக்கணக்கில் காயவும் விடக் கூடாது. பூச்சு வெடிக்கும், டைல்ஸ் கழன்றுவரும். ஈரக் கோணிப்பை போட்டு வைத்து, சாமான்கள் எல்லாம் வாங்கி வைத்த பிறகே இறைத்து, வேலை முடிந்து பூச்சு பதமானதும் உடனே நிரப்பிவிடுங்க.

மோட்டாரும் கரண்டும்

பழைய பம்பைப் பார்த்ததும் புதுசு வாங்கச் சொல்வார்கள். பெரும்பாலும் போயிருப்பது மெக்கானிக்கல் சீல், பேரிங், கெப்பாசிட்டர், மிஞ்சினால் காயில். தொழிற்சாலைகள் சூழ்ந்த இந்தப் பக்கத்தில் காயில் கட்டத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மணல் ஃபில்டரும் அப்படித்தான். தொட்டி உடையாமல் இருந்தால் உள்ளே இருக்கும் மணலை மாற்றினாலே புது ஃபில்டர்.

பம்பு அறை நிலத்துக்குக் கீழே மூடிய குழியாக இருந்தால் எடுத்தவுடன் யாரையும் இறக்காதீங்க. வருஷக்கணக்கில் மூடிக்கிடந்த சேற்றுக் குழியிலும் சமநீர்த் தொட்டியிலும் நச்சுவாயு தங்கியிருக்கும், அல்லது மூச்சுவிடக் காற்றே இருக்காது. முதல் ஆள் மயங்கியதும் காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் போய்விடுவதுதான் இந்த விபத்துகளின் வழக்கம். மூடியைத் திறந்து வைத்து, ஊதுகுழல் விசிறியால் காற்றடித்து, சேற்றை மேலிருந்தே மோட்டார் வைத்து எடுங்க.

தண்ணீரும் கரண்டும் சேரும் இடத்தில் சிக்கனம் வேண்டாம். குளத்துக்குப் போகும் இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் போடுங்க. நீருக்கடி விளக்கு என்றால் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 12 வோல்ட்தான். பழைய 230 வோல்ட் விளக்கு இருந்தால் கழற்றி எறிந்துவிட்டு, குழியை அடைத்துவிடலாம். இறைக்க வைக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. மீட்டர் பக்கமோ மின்கம்பத்திலோ கோளாறு என்றால் மின்னகம் 94987 94987.

ஓடும் செலவையும் இப்போதே பார்த்துவிடலாம். முக்கால் கிலோவாட் பம்பு தினம் 6 மணி நேரம் ஓடினால் நாலரை யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 270 யூனிட். வீட்டு உபயோகத்துடன் சேர்ந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படி மாறிவிடும். மின்வாரியத் தளத்தில் உங்கள் பழைய பில்களை எடுத்து இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்க. தண்ணீர் தெளிந்த பிறகு, ஆள் இறங்காத வாரங்களில் நேரத்தைக் குறைக்கலாம். குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே குறைக்கணும். வார இறுதியில் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால், விளம்பரம் போடும் முன் ஊராட்சி அலுவலகத்தில் என்னென்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்க.

பணம் குறைவு என்றால் வரிசை இதுதான்: வேலி, ஆர்சிசிபி, ஒழுக்கு, பம்பும் ஃபில்டரும், பிறகுதான் அழகு. சுற்றிலும் கல் பதிப்பது, புது டைல்ஸ், விளக்கு எல்லாம் அடுத்த வருஷத்துக்கு நிற்கும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பளபளக்கும் டைல்ஸ் ஒட்டிய குளத்தில் மறு கோடையில் மறுபடியும் பாசி.

குளமே வேண்டாம் என்றால்

இந்தக் கணக்கெல்லாம் பார்த்துவிட்டு நமக்கு இது கட்டுப்படியாகாது என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவுதான். ஆனால் அப்படியே மண்ணைக் கொட்டி மூடாதீங்க. அடியில் தண்ணீர் தேங்கி மேலே சதுப்பாகிவிடும். கோடையில், நிலத்தடி நீர் கீழே இறங்கிய பிறகு, அடித்தளத்தில் பல இடத்தில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் நிரப்பணும்.

அதைவிட லாபம், மழைநீர்த் தொட்டியாக மாற்றுவது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம்தானே. 41,600 லிட்டர் தொட்டி உங்களிடம் ஏற்கெனவே நிலத்துக்குள் இருக்கிறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சிந்தியது, ஆவியானது போக 750 லிட்டர் வரை கிடைக்கும். 550 மில்லிமீட்டர் மழையில் தொட்டி நிரம்பிவிடும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் வருஷத்தில் இந்தப் பக்கத்துக்கு அது எட்டாத அளவில்லை. நிரம்பிய தொட்டி மழைக்காலத்தில் மிதக்கும் பயமும் இல்லாமல் இருக்கும். மேலே பாரம் தாங்கும் மூடி வேண்டும். அதைப் பொறியாளரிடம் கேட்டுப் போடுங்க. ஆள் இறங்கும் வாய்க்குப் பூட்டு, காற்றுக் குழாயின் முனையில் கொசு நுழையாத சன்னக் கம்பி வலை, கூரையிலிருந்து வரும் குழாயில் முதல் மழையின் அழுக்கைத் திருப்பிவிட ஒரு வால்வு.